வாஞ்சியின் துப்பாக்கியும் கோரல் ஆலைத் தொழிலாளரும்

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு நீராட வரும் நம் பங்குக் குடும்பங்கள், ஐந்தருவியையும் பேரருவியையும் கண்டபின் தென்காசிக் கோபுரத்தைப் பார்ப்பதும், நேரமிருந்தால் செங்கோட்டை வரை ஒரு நடை சென்று திரும்புவதும் வழக்கம். செங்கோட்டையில் வாஞ்சிநாதனின் சிலை நிற்கிறது. பிள்ளைகள் அதைக் கண்டதும், "இவர் யார்?" என்று கேட்பார்கள். "வெள்ளைக்காரக் கலெக்டரைச் சுட்டுக் கொன்ற வீரர்" என்று பெற்றோர் ஒரே வரியில் சொல்லி முடிப்பார்கள். அவ்வளவோடு கதை முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் துப்பாக்கி வெடிப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, இதே நெல்லைச் சீமையில், ஒரு துப்பாக்கியும் இன்றி ஏழை எளிய மக்கள் ஆட்சியாளரைப் பணிய வைத்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? அவர்களுள் பெரும்பாலோருக்குச் சிலை இல்லை. பெயர்கூட ஏட்டில் இல்லை.

மக்களைக் கேளாது மக்களை ஆளும் ஆட்சி எதன்மேல் நிற்கிறது? படையின்மேல், சிறையின்மேல் என்று நாம் உடனே விடை கூறுவோம். அது பாதி உண்மை. 1908ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் இருந்த ஆங்கில அதிகாரிகளையும் வணிகரையும் எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குச் சமைத்தவர், துணி வெளுத்தவர், முகம் மழித்தவர், வண்டி ஓட்டியவர், அவர்கள் ஆலையில் நூல் நூற்றவர், அவர்கள் கப்பலில் சரக்கு ஏற்றியவர் அனைவரும் இந்நாட்டவரே. இத்தனை கைகளும் நாள்தோறும் செய்துவந்த சிறு சிறு ஊழியங்களே அந்த ஆட்சியின் அடித்தளம். அந்தக் கைகள் ஒன்றுசேர்ந்து ஒருநாள் மடங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடி கண்டது.

ஹார்வி நிறுவனத்தாரின் கோரல் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்தனர். கூலி சொற்பம், வேலை நேரம் நெடிது, வார விடுமுறை என்பது இல்லை. 1908 பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தனர். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் திறந்த வெளியில் கூட்டம் நடத்தி அவர்களுக்கு ஊக்கமூட்டினர். பேச்சாளர் இருவரின் திறமையைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். என் எண்ணம் என்னவெனில், அந்த வேலைநிறுத்தத்தின் உண்மையான ஆற்றல் மேடையில் இருக்கவில்லை, ஊரில் இருந்தது. கூலியின்றிப் பசித்த குடும்பங்களுக்கு ஊரார் நிதி திரட்டி உணவளித்தனர். சிலருக்கு வேறிடங்களில் வேலை தேடிக் கொடுத்தனர். ஆலைத் தரப்பை ஆதரித்தவர்களுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தனர். சலவைத் தொழிலாளர் துணி எடுக்க மறுத்தனர். ஆலைக்குள் கால் வைத்தேயிராத மக்கள் ஆலைத் தொழிலாளரின் வழக்கைத் தம் வழக்காகக் கொண்டனர். ஒன்பது நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி பாதி மடங்கு உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிறு விடுமுறை கிடைத்தது. இதைக் கண்ட பிற ஐரோப்பிய நிறுவனங்களும் தம் ஊழியர்களுக்குக் கூலியை உயர்த்தலாயின.

ஞாயிறு விடுமுறை என்ற அந்த ஒன்றின்மேல் நம் வாசகர்கள் சற்று நிற்கலாம். ஓய்வுநாளை இறைவன் கட்டளையாகக் கொண்டிருக்கிறோம் நாம். அந்நாளை இந்த நாட்டு ஆலைத் தொழிலாளிக்குப் பெற்றுத்தந்தவர்கள், ஞாயிறுதோறும் ஆலயம் சென்ற ஆலை முதலாளிகள் அல்லர். கூலியற்றுப் பசியோடிருந்த தொழிலாளரே என்பது நம் சிந்தனைக்குரியது.

இந்த வெற்றிக்கு ஒரு முன்கதையும் உண்டு. 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். பெருஞ்செல்வர் ஒரு சிலரிடம் முழு மூலதனத்தையும் பெறாமல், பலரிடம் சிறிது சிறிதாகத் திரட்டும் ஏற்பாடு அது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட பிரிட்டிஷ் நிறுவனம் போட்டியைத் தாங்காமல் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. அப்போதும் சுதேசிக் கப்பலிலேயே ஏறியவர்கள் இருந்தார்கள். இவ்வாறு ஒன்றுசேர்ந்து பழகியிருந்த ஊர்தான், 1908இல் வேலைநிறுத்தம் வந்தபோதும் ஒன்றுசேர்ந்தது. நெருக்கடி வந்த பிறகு ஒற்றுமையைத் தேடத் தொடங்குபவர்களுக்கு அது கிடைப்பது அரிது.

ஆனால் வெற்றி நீடிக்கவில்லை. மார்ச் 9ஆம் நாள், வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடத் தூத்துக்குடியில் பல்லாயிரவர் கூடினர். 12ஆம் நாள் சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் திருநெல்வேலியில் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. கூட்டம் நகராட்சி அலுவலகத்தையும் அஞ்சல் நிலையத்தையும் காவல் நிலையத்தையும் தாக்கித் தீயிட்டது. நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு நாள் கணக்கில் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில் கோரல் ஆலைத் தொழிலாளர் மறுபடியும் வேலையை நிறுத்தினர். இம்முறை கூலிக்காக அல்ல, தம் தலைவர்களுக்காக. இந்தியாவில் தொழிலாளர் அரசியல் நோக்கத்தோடு செய்த முதல் வேலைநிறுத்தங்களுள் அது ஒன்று. பிறகு தண்டக் காவல்படை ஊர்களில் நிறுத்தப்பட்டு, அதன் செலவு குடிமக்கள் தலையில் வரியாக விழுந்தது. ஜூலை மாதத்தில் நீதிபதி பின்ஹே, சிதம்பரம் பிள்ளைக்கு ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டாலும், அவர் கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் செக்கிழுத்து உடல் தளர்ந்து, 1912 டிசம்பரில்தான் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி கலைந்துவிட்டது.

இங்கே இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். கட்டுக்கோப்புடன் நின்ற மக்கள் இயக்கம் தீவைப்பில் இறங்கிய அன்றே, ஆட்சியாளருக்கு மிகவும் வேண்டியிருந்த சாக்கு கிடைத்துவிட்டது. ஆலைக்கு வராமல் வீட்டிலிருக்கும் தொழிலாளியைச் சுடுவதற்கு ஓர் அரசு கூச வேண்டும். எரியும் கட்டடத்தின் முன் நிற்பவனைச் சுடக் கூச வேண்டியதில்லை. மற்றொன்று, இயக்கத்தின் முழுப்பாரமும் இரண்டு தோள்களில் இருந்தது. அந்தத் தோள்களைச் சிறைக்குள் அடைத்ததும் மேலே கொண்டு செல்வார் இல்லாமல் போயிற்று.

அந்த வெறுமையில்தான் தென்காசியின் கதை பிறக்கிறது. திறந்த வெளியில் கூடவும் பேசவும் வழி அடைபட்ட பிறகு, சில இளைஞர்கள் மூடிய கதவுகளுக்குப் பின்னால் கூடினர். நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சென்று இரகசியச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். 1910இல் தென்காசியில் ஒரு வீட்டில் காளியின் படத்தின் முன் சபதம் எடுத்துக்கொண்டார்கள் என்பது பின்னர் வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியத்தில் வெளிவந்தது. செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்த வாஞ்சிநாதன் அச்சங்கத்தில் சேர்ந்தார். (செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது; 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த இணைப்பும் மக்கள் போராடிப் பெற்றதே, அது தனிக்கதை.) 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில், கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்த கலெக்டர் ஆஷை, அவர் மனைவி உடனிருக்க, இரயில் பெட்டிக்குள் சுட்டுக் கொன்று, வாஞ்சி தம்மையும் சுட்டுக்கொண்டார். அவருக்கு வயது இருபத்தைந்து.

1908இல் தூத்துக்குடியில் உதவிக் கலெக்டராக இருந்து சுதேசி இயக்கத்தை நெருக்கியவர் ஆஷ். அந்தக் கோபம் மக்களிடையே உண்மையாகவே இருந்தது. சிறையில் அச்செய்தியைக் கேட்டுத் தாம் மகிழ்ந்ததைச் சிதம்பரம் பிள்ளையே தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வாஞ்சியின் நெஞ்சுரத்தையும் நாட்டுப்பற்றையும் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. எனினும், அவர் சட்டைப்பையில் இருந்த கடிதம் எல்லா மக்களின் விடுதலையையும் பேசவில்லை. சனாதன தருமம் மிதிக்கப்படுவதையே முதன்மையாகப் பேசிற்று. கோரல் ஆலையில் நின்ற எல்லாச் சாதித் தொழிலாளரும் அக்கடிதத்தில் இடம் பெற்றிருப்பார்களா என்பது ஐயமே. விளைவைப் பாருங்கள். ஒரு கலெக்டர் போனார். மற்றொரு கலெக்டர் வந்தார். இரண்டு பெண்கள் கைம்பெண்களாயினர். சந்தேகத்துக்கு ஆளான இருவர் தற்கொலை செய்துகொண்டனர். தென்காசி, செங்கோட்டை, ஓட்டப்பிடாரம் எனத் தேடுதல் வேட்டை நடந்து, 14 பேர்மேல் வழக்கு நடந்தது. நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை. கூலி எவருக்கும் உயரவில்லை. நெல்லை மாவட்டத்தில் பொதுவாழ்வு நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. இரகசியச் சங்கத்தில் சேர ஒரு சிலரால்தான் முடியும்; அதிலும் ஒருவர் அரசாங்கச் சாட்சியாக மாறிவிட்டால் சங்கமே சரிந்துவிடும். நாவிதரும் வண்டிக்காரரும் தாய்மாரும் சேரக்கூடிய இயக்கத்தில் அப்படிக் காட்டிக்கொடுக்க எதுவுமில்லை. எல்லாம் வெளிப்படையாகவே நடக்கிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டின் கீழ்க்கரையில் இப்பாடம் நன்கு படிக்கப்பட்டிருந்தது. 1930 ஏப்ரல் 13ஆம் நாள் இராஜாஜி, நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யம் நோக்கி உப்பெடுக்கப் புறப்பட்டார். தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். தொண்டர்கள் அதைப் பறித்து உண்டார்கள். கொடுத்தவர் யார் என்று மரத்தையா கேட்க முடியும்? வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் நாவிதத் தொழிலாளி, தாம் மழித்துக்கொண்டிருப்பது ஒரு போலீஸ்காரரை என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். நீதிபதியின்முன் நிறுத்தப்பட்டபோதும் மீதியை மழிக்க அவர் இசையவில்லை, சிறை சென்றார். அவருக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. தலைவர்கள் கைதான பிறகும் வேதாரண்யத்தில் உப்பெடுப்பு நிற்கவில்லை. 1908இல் இருந்த குறை 1930இல் களையப்பட்டிருந்தது: யாரைப் பிடித்தாலும் அடுத்தவர் ஆயத்தமாக இருந்தார்.

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது கிறிஸ்தவக் கடமை அன்றோ?" என்று நம்முள் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. நாட்டின் முறையான அதிகாரத்தை மதிக்கத் திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் அதே திருச்சபையில் முதல் திருத்தூதர்கள், பேசாதே என்று தடுத்த தலைமைச் சங்கத்தின்முன், மனிதரைவிடக் கடவுளுக்கே முதலில் பணிவோம் என்று நின்றார்கள். அதற்கும் நெடுங்காலம் முன்பு, எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லும்படி எகிப்து மன்னன் ஆணையிட்டபோது சிப்ரா, பூவா என்ற இரண்டு மருத்துவச்சிகள் அதை நிறைவேற்றாமல் விட்டார்கள். விடுதலைப் பயண நூல் அந்தக் கொடுங்கோலனின் பெயரைச் சொல்லவில்லை; அந்த இரு பெண்களின் பெயரைச் சொல்கிறது. மோசே பிறக்கு முன்பே நடந்தது இது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட 'உலகில் அமைதி' சுற்றுமடல், அறநெறிக்கு முரணான சட்டமும் ஆணையும் மனச்சான்றைக் கட்டுப்படுத்தா என்று தெளிவாக்கியது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' என்ற மடலில், ஆயுதப் புரட்சி புதிய அநீதிகளைப் பெற்றெடுக்கும் என்று எச்சரித்தார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், பணிந்துபோவதும் துப்பாக்கி எடுப்பதும் அல்லாத வேறொரு வழி தென்படுகிறது.

அவ்வழியில் நம் காலத்தில் நடந்து காட்டியது, கத்தோலிக்கர் மிகுந்த பிலிப்பைன்ஸ் நாடு. மார்க்கோஸ் 1972இல் இராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்து தனியாட்சி நடத்தினார். 1983 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1986 பிப்ரவரி 7இல் நடந்த தேர்தலில் வாக்குப்பெட்டிகளைக் காக்கத் தொண்டர்கள் நாடெங்கும் நின்றார்கள். அவர்களுள் குருக்களும் கன்னியரும் இருந்தனர். எண்ணிக்கையில் புரட்டு நடக்கிறது என்று கண்ட கணிப்பொறி ஊழியர் முப்பதுக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு எழுந்து வெளியேறினர். மோசடியால் பெற்ற ஆட்சிக்கு அறத்தின் அடிப்படை இல்லை என்று ஆயர் பேரவை அறிவித்தது. பிப்ரவரி 22இல் படைத்தலைவர் சிலர் மார்க்கோஸைவிட்டுப் பிரிந்தபோது, கர்தினால் சின் வெரித்தாஸ் வானொலியில் மக்களைத் தெருவுக்கு அழைத்தார். குடும்பம் குடும்பமாக வந்த மக்கள், சோற்றுப் பாத்திரங்களோடும் செபமாலைகளோடும் பீரங்கி வண்டிகளின் முன் முழந்தாளிட்டனர். பீரங்கிகள் நின்றுவிட்டன. 25ஆம் நாள் மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார்.

இது நான்கு நாள் அற்புதம் என்று எண்ணிவிடக்கூடாது. 1984 முதலே ஹில்டெகார்ட், ஜான் கோஸ் என்ற கத்தோலிக்கத் தம்பதியர் அங்கு சென்று அறப்போர்ப் பயிற்சி அளித்திருந்தனர். இயேசு சபைத் தந்தை பிளாங்கோ உள்ளிட்டோர் அதை மேற்கொண்டு நடத்தினர். தாக்கப்பட்டால் திருப்பித் தாக்காமல் நிற்பது எப்படி என்பது முன்னரே கற்கப்பட்ட பாடம். மற்றொன்றையும் மறைக்கக்கூடாது: அந்த வெற்றிக்குப் பின்னும் ஏழைக்கு நிலம் கிடைத்துவிடவில்லை. 2022இல் அதே மக்கள் மார்க்கோஸின் மகனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். கொடுங்கோலனை இறக்குவதோடு மக்கள் வீட்டுக்குத் திரும்பி உறங்கிவிட்டால் இப்படியும் ஆகும்.

விடுதலை பெற்ற இந்தியாவிலும் 1975 ஜூன் 25 இரவில் நெருக்கடி நிலை வந்தது. 21 மாதம் நீடித்தது. செங்கோட்டை மலையைத் தாண்டினால் வரும் கேரளத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் இராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை. தந்தை ஈச்சர வாரியர் ஓர் ஆசிரியர்; அதிகாரி அதிகாரியாக ஏறி இறங்கினார், மனு மேல் மனு எழுதினார், நெருக்கடி நிலை நீங்கியதும் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். கல்லூரி முதல்வரும் மாணவரும் தாம் கண்டதைக் கண்டபடி சாட்சி சொன்னார்கள். 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. மகன் கிடைக்கவில்லை, உண்மை வெளிவந்தது. அச்சமிருந்தும் சாட்சி சொன்ன அந்தச் சிலரும், பாதியில் கத்தியை வைத்த வைரப்பனும் ஒரே இனத்தவர்.

இன்று நம் பங்குகளில் இதற்கு என்ன இடம்? அன்பியக் கூட்டங்களில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வீடு மாறி வீடு கூடுகின்றன. விவிலியம் வாசிக்கிறோம், செபிக்கிறோம், ஒருவர் துன்பத்தை மற்றவர் கேட்கிறோம். தூத்துக்குடியில் பசித்தவருக்குச் சோறிட்ட ஊர் இத்தகைய பழக்கத்தில்தான் உருவாகியிருக்க வேண்டும். அக்கூட்டத்தில் தெருவின் குடிநீரையும் நியாயவிலைக் கடையின் எடையையும் பற்றிப் பேசினால் செபத்தின் தூய்மை கெட்டுவிடாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்தைக் கேள்வி கேட்கலாம். பொதுவாக முப்பது நாட்களுக்குள் விடை தர வேண்டும். தனியாக எழுத அஞ்சுபவர், அன்பியத்தில் உள்ள ஐந்து பேரையும் ஆளுக்கொரு மனு எழுதச் சொல்லலாம்.

ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தென்காசி போன்ற நகராட்சிகளிலும் பிற நகர்ப்புறங்களிலும் 2022 முதல் பகுதி சபைகள் கூடத் தொடங்கியுள்ளன. அங்கே வரவுசெலவுக் கணக்கைப் படித்துக்காட்டக் கேட்கவும், தீர்மானம் கொண்டுவரவும், நிறைவேறிய தீர்மானம் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்கவும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பல ஊர்களில் நாற்காலிகள்தான் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. வருகைப் பதிவேட்டில் கையொப்பம் பின்னர் வீடு வீடாக வாங்கப்படுகிறது. ஆகஸ்ட் 15 அன்று விண்ணேற்பு அன்னையின் திருவிழாத் திருப்பலி முடிந்து நாம் எல்லாரும் ஆலய முற்றத்தில் ஒன்றாகத்தான் நிற்கிறோம். கிராம சபை பெரும்பாலும் அன்று முற்பகலில் பதினொரு மணி அளவில் தொடங்கும்.